சிரிங்கா இலையும் மூடிப்போன கடற்கரையும்: டர்பன் தமிழங்க நடுவுல கொள்ளைநோய் வந்தா

நான் கல்யாணம் ஆகி தென்னாப்பிரிக்காவுல இருக்கிற டர்பனுக்கு வந்த புதுசுல நாத்தனார் பையனுக்கு அம்மை போட்டிருச்சு. டர்பன்ல சாட்ஸ்வொர்த்ங்கிற பகுதில வீடு. கேட்டுல ஒரு கொத்து இலை கட்டியிருந்தாங்க, தூரத்துலேருந்து பாத்தா வேப்பிலை மாதிரியே இருக்கு, கிட்டப் போனா இலை வேற, வாசமும் வேற. அத்தைகிட்ட கேட்டேன். "இது சிரிங்காம்மா, இங்க வேம்புக்கு எங்க போறது, எங்க ஆயா காலத்துலேருந்து அம்மாவுக்கு இதத்தான் கட்டுறோம்"னாங்க. நம்ம ஊர்ல மலைவேம்புன்னு சொல்வோமே அந்த மரம்தான். கப்பல்ல வந்தவங்க வேம்பைத் தேடியிருக்காங்க, கிடைக்கல, அதோட பங்காளி மாதிரி ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, அதையே அம்மனுக்கு ஆக்கிட்டாங்க.

அந்த இலை தொங்குற வரைக்கும் வீட்டுக்கு விருந்தாளி கிடையாது. அடுப்புல எண்ணெய்ச் சட்டி ஏறாது, தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது, பையனுக்குத் தனி ரூம், தனிப் பாய், அவனோட துணியத் தனியா துவைக்கணும், பாக்குறது ஒரே ஒரு ஆள்தான். கடைசியா மஞ்சளும் இலையும் போட்ட தண்ணில தலைக்கு ஊத்தி, அம்மனுக்குக் கஞ்சி வச்சு அக்கம்பக்கம் குடுத்தப்புறம்தான் வீடு பழையபடி திறந்துச்சு. இதையே ஒரு டாக்டர் சீட்டுல எழுதிக் குடுத்தா ஐசொலேஷன்னு பேரு.

ஆனா அதுக்கு நடுவுல பையனைக் காட்டப் போன கிளினிக்ல என்ன ஆச்சுன்னா, அவன் கைல கட்டியிருந்த மஞ்சத் துணியையும் இலையையும் பாத்துட்டு அங்க இருந்தவங்க, இந்தக் காலத்துலயும் இப்படியான்னு சிரிச்சுட்டாங்க. திட்டியிருந்தாகூட அத்தை விட்டிருப்பாங்க, சிரிச்சதுதான் தாங்கல. அடுத்து எங்க வீட்ல ஒரு குட்டிக்கு உடம்பெல்லாம் பொரிப்பொரியா வந்தப்ப, அது மணல்வாரியா வேற எதாவதான்னு கண்டுபிடிக்க யாரும் கிளினிக் பக்கம் போகல. நானும் போகலாம்னு அடிச்சுச் சொல்லல, அது என் தப்பு. மணல்வாரின்னா ஊசி போட்டுத் தடுக்கிற நோய், ஒருத்தருக்கு வந்தா தெருவுல ஊசி போடாத குழந்தைங்களத் தேடிப் போய்ப் போடணும், அதுக்கு மொதல்ல ஒரு வீட்ல வந்திருக்குன்னு அரசாங்கத்துக்குத் தெரியணும். ஒரு சிரிப்புல அந்தத் தகவல் வர்ற வழி அடைபட்டுப் போச்சு.

பண்பாட்டை மதிச்சு நடத்தணும்னு ஹெல்த் ஆளுங்க மீட்டிங்ல பேசுறதைக் கேட்டா ஏதோ மரியாதைக்கு வணக்கம் சொல்ற விஷயம் மாதிரி இருக்கும், போஸ்டர்ல ஒரு குத்துவிளக்கு படம் போடுறது மாதிரி. எனக்கு அது நோயைப் பிடிக்கிற வேலையாவே படுது. ஜனங்க மறைக்க ஆரம்பிச்சுட்டா உங்க கைல இருக்கிற கணக்கு பொய்க் கணக்கு, அதை வச்சுப் போடுற திட்டமும் அப்படித்தான் இருக்கும்.

கோவிட் வந்தப்ப இது இன்னும் நல்லாத் தெரிஞ்சுது. தென்னாப்பிரிக்காவுல மொத கேஸ் 2020 மார்ச் 5, அதுவும் நம்ம குவாசுலு-நட்டால் மாகாணத்துலதான், இத்தாலி போயிட்டு வந்தவர். 15ஆம் தேதி தேசியப் பேரிடர்னு அறிவிச்சாங்க, 27ஆம் தேதி லாக்டவுன். அந்த வருஷம் புனித வெள்ளி ஏப்ரல் 10. இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும், ஈஸ்டர் லீவுல இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில்ல எள்ளு போட்டா கீழ விழாது, அவ்ளோ கூட்டம். கிறிஸ்தவங்க பண்டிகைக்கும் மாரியம்மனுக்கும் என்ன சம்பந்தம்னு ஊர்லேருந்து வர்றவங்க கேப்பாங்க, கரும்புத் தோட்டத்துல வேலை பாத்தவங்களுக்கு மொத்தமா லீவு கிடைச்சது அப்பத்தான், கிடைச்ச நாளை அம்மனுக்குக் குடுத்துட்டாங்க. அந்த 2020 ஏப்ரல்ல கோயில் பூட்டு. யாரும் பெருசா சண்டை போடல. காரணம் எளிசு, மாரியம்மனே கொள்ளைநோய் காலத்து சாமி, அம்மா வந்திருக்கிறப்ப வீட்டை விட்டு நகரக் கூடாதுங்கிறது சின்ன வயசுலேருந்து கேட்ட பேச்சு. "இப்ப ஊருக்கே இலை கட்டியிருக்குன்னு நினைச்சுக்கோங்க"ன்னு எங்க தெருவுல ஒரு பெரியவர் சொன்னார். கோடிக்கணக்குல செலவு பண்ணி எடுத்த விளம்பரத்துல இந்த ஒரு வரி இல்ல.

சிக்கல் வந்தது சாவு வீட்ல.

இறுதிச் சடங்குக்கு 50 பேர்தான், ராத்திரி கண்ணு முழிக்கிற சடங்கு கூடாதுன்னு மொதல்லயே வந்துச்சு. 2020 டிசம்பர்ல இன்னொண்ணு சேத்தாங்க, அடக்கம் முடிஞ்சதுக்கப்புறம் எந்தக் கூட்டமும் கூடாது, ஆஃப்டர் டியர்ஸ் பார்ட்டி உட்பட. ஆஃப்டர் டியர்ஸ்ங்கிறது கருப்பின மக்கள் வாழுற டவுன்ஷிப் பக்கம் உள்ள பழக்கம், அடக்கம் பண்ணிட்டு வந்து குடிச்சு சாப்பிட்டு பாட்டுப் போட்டு செத்தவரைக் கொண்டாடுறது, அது நிறைய பேர் நெருக்கி நிக்கிற இடம், நோய் பரவும், சட்டம் போட்டது நியாயம்தான். ஆனா அதே வரில எங்க கருமாதியும் மாட்டிக்கிச்சு. கருமாதி பார்ட்டி இல்ல, அது முடிஞ்சாதான் போன ஆத்மா போய்ச் சேரும்னு நம்புற சடங்கு, அது முடியாம அந்த வீட்ல நல்லது கெட்டது எதுவும் ஆகாது. அதுக்கு அம்பது பேரு வேணாம், அஞ்சு பேரு போதும், ஆனா அஞ்சு பேரோட பண்ணலாமான்னு கேட்டா போன் எடுத்தவங்களுக்கே பதில் தெரியல. சட்டம் எழுதினவங்க மனசுல ஒரு மாதிரி சாவு வீடுதான் இருந்திருக்கு. அதுல கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததா நான் நினைக்கல. இந்த நாட்டுல இந்திய வம்சாவளி 2022 சென்சஸ்படி நூத்துக்கு மூணு பேருகூட இல்ல, அதுலயும் தமிழங்க ஒரு பங்கு. எழுதுறவங்க கண்ணுக்கு முன்னாடி வராத ஜனத்தோட சாவு எப்படி இருக்கும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

2021 ஜனவரில எங்க பெரியத்தை, அதாவது அத்தையோட அக்கா, ஒரு ஆஸ்பத்திரில தவறிப் போனாங்க. பேரு வேணாம், எல்லா ஆஸ்பத்திரியும் அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு. இங்க வழக்கம் என்னன்னா உடம்பை வீட்டுக்குக் கொண்டு வந்து, குளிப்பாட்டி, பட்டுப்புடவை கட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வச்சு, பெட்டிய முன்கூடத்துல திறந்து வச்சு, தேவாரம் படிச்சு, எல்லாரும் சுத்தி வந்து பூ போட்டு அனுப்புறது. எங்களுக்கு வந்த தகவல்: உடம்பு பிளாஸ்டிக்ல சுத்தியாச்சு, திறக்க முடியாது, நேரா மின் தகனத்துக்குத்தான். பெரியத்தையோட பொண்ணு கைல அந்தப் புடவையோட உக்காந்திருக்கா. சிவப்பு அரக்கு, அம்பது வருஷத்துக்கு முன்னாடி கல்யாணத்துக்கு எடுத்தது. அம்மாவைக் குப்பை மாதிரி கட்டி அனுப்புறாங்களேன்னு ஒரே வார்த்தையத் திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு இருந்தா.

பிளாஸ்டிக் பத்தி இங்க ஒரு விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24ஆம் தேதியே சொல்லிட்டாங்க, கோவிட்ல செத்தவங்க உடம்பு எபோலா, காலரா மாதிரி தொத்தாது, பை கட்டாயம் இல்ல, உடம்புலேருந்து நீர் ரொம்பக் கசிஞ்சா பயன்படுத்தலாம், குடும்பம் பாக்கலாம், தொடாம முத்தம் குடுக்காம இருந்தா போதும், செத்தவங்க மதம் பண்பாடு எல்லாத்தையும் மதிக்கணும்னு. தொத்து நோய்ல போனவங்கள எரிச்சுத்தான் ஆகணும்ங்கிறது கட்டுக்கதைன்னும் அதுலயே இருக்கு. இது எங்களுக்கு ஒன்பது மாசம் கழிச்சும் வந்து சேரல. வேலை பாக்குறவங்களுக்கும் பயம், அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது.

அன்னிக்கு எங்களைக் காப்பாத்துனது அடக்க வேலை எடுத்துப் பண்ற கம்பெனிக்காரர். அவரும் நம்மாளுதான், முப்பது வருஷமா இதே தொழில். அவர் சொன்னார், பெட்டியத் திறக்க மாட்டேன், அது என் லைசென்ஸ் விஷயம், ஆனா உள்ள பைக்கு மேல புடவைய நானே விரிச்சு வச்சு மஞ்சள் குங்குமம் வைக்கிறேன், போன்ல வீடியோ எடுத்துக் காட்டுறேன், வண்டிய வீட்டு கேட்டு முன்னாடி பத்து நிமிஷம் நிறுத்துறேன், யாரும் கிட்ட வராதீங்க, உங்க காமாட்சி விளக்கை வாசல்ல ஏத்துங்க, சூடம் காட்டுங்க. அவ்ளோதான். எந்தச் சட்டமும் மீறல. தெருக்காரங்க அவங்கவங்க வீட்டு வாசல்லயே நின்னாங்க, கூட்டம் சேரல, எதிர் வீட்டு ஸுலு அம்மா ஒருத்தங்க அங்கேருந்தே பாடினாங்க. எங்க மச்சாண்டார் பின்னாடி பக்கில, அதான் இங்க பிக்கப் வண்டிக்குப் பேரு, இன்னும் நாலு பேரோட தகனத்துக்குப் போனார். இது நடக்கலன்னா அந்தக் குடும்பம் என்ன பண்ணியிருக்கும்னு யோசிச்சுப் பாத்தேன். அடுத்து யாருக்காவது மூச்சுத் திணறல் வந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டாங்க. போனா பிளாஸ்டிக்ல திரும்பி வருவோம்னு அப்பவே எங்க பக்கத்துல பேச்சு இருந்துச்சு.

மேற்கு ஆப்பிரிக்காவுல 2014ல எபோலா வந்தப்ப இதையே பெரிய விலை குடுத்துக் கத்துக்கிட்டாங்க. அங்க செத்த உடம்பு நெசமாவே ஆபத்து, புதுத் தொத்துல அஞ்சுல ஒண்ணாவது அடக்கத்தப்ப வருதுன்னு அப்ப கணக்கு சொன்னாங்க. அதனால பாதுகாப்பு உடை போட்ட ஆளுங்க வந்து உடம்பத் தூக்கிட்டுப் போயிருவாங்க, எங்க புதைச்சாங்கன்னே தெரியாது. லைபீரியாவுல மன்ரோவியால எல்லாத்தையும் எரிக்கணும்னு உத்தரவு போட்டாங்க, எரிக்கிற வழக்கமே இல்லாத ஊர்ல. ஜனங்க நோயாளிய ஒளிச்சு வச்சாங்க, ராத்திரியோட ராத்திரியா புதைச்சாங்க. கினில வோமேங்கிற ஊர்ல 2014 செப்டம்பர்ல விழிப்புணர்வு சொல்லப் போன எட்டுப் பேரைக் கொன்னே போட்டுட்டாங்க. அந்த நவம்பர்லதான் புது முறை வந்துச்சு: குடும்பத்துல ஒருத்தர் கூட இருக்கலாம், பாதிரியோ இமாமோ தள்ளி நின்னு ஜெபம் பண்ணலாம், துணியோ சாமானோ உள்ள வைக்கக் குடுக்கலாம், குழிக்குப் பேர்ப்பலகை உண்டு. கருப்புப் பைக்குப் பதிலா வெள்ளைப் பை வந்துச்சு, அங்க செத்தவங்களுக்குச் சுத்துற கபன் துணி வெள்ளைதானே. பையோட கலர்ல என்ன இருக்குன்னு கேக்கலாம். எங்க வீட்டு அரக்குப் புடவைல என்ன இருந்துச்சோ அதான்.

நம்ம தமிழ் வாசகருக்கு இலங்கை தெரியும். 2020ல கோவிட்ல செத்தவங்க எல்லாரையும் எரிச்சுத்தான் ஆகணும்னு போட்டாங்க, முஸ்லிம் குடும்பங்க கெஞ்சியும் கேக்கல, பொறந்து 20 நாள் ஆன கைக்குழந்தையக்கூட எரிச்சாங்க. 2021 பிப்ரவரிலதான் புதைக்க விட்டாங்க, அப்புறம் ஓட்டமாவடில கொண்டு போய்ப் புதைச்சாங்க, 2024ல அரசாங்கம் மன்னிப்புக் கேட்டுச்சு. அப்ப எங்க வாட்ஸாப்ல சிலபேர், எரிச்சா என்ன, நாம எரிக்கலையான்னு எழுதினதப் பாத்தேன். நமக்கு உறுத்தாத சட்டம் அடுத்தவங்களுக்கு எப்படி இருக்கும்னு புரியறதே இல்ல, நாமளும் அந்த டிசம்பர் ரூல் எழுதினவங்க மாதிரிதான்.

இதெல்லாம் இந்த நாட்டுக்குப் புதுசும் இல்ல. 1904 மார்ச், ஜோகன்னஸ்பர்க். ஊருக்கு ஓரமா இந்தியங்களுக்குன்னு ஒதுக்கின இடத்துக்குப் பேரே கூலி லொகேஷன். நம்ம ஊர்ல கூலின்னா உழைச்சதுக்கு வாங்குற காசு, இங்க அது மனுஷனத் திட்டுற வார்த்தை ஆயிருச்சு, இன்னிக்கும் கெட்ட வார்த்தைதான். அங்க வீடு வச்சிருந்தவங்களுக்கு 99 வருஷக் குத்தகை. 1903ல நகராட்சி சுகாதாரம் சரியில்லன்னு சொல்லி மொத்தத்தையும் எடுத்துக்கிச்சு, எடுத்ததும் எல்லாரும் வாடகைக்காரங்க, கூட்டம் இன்னும் கூடுச்சு, அள்ள வேண்டிய குப்பைய அள்ளல. காந்தி 1904 பிப்ரவரிலேயே நகராட்சி மருத்துவ அதிகாரிக்கு எழுதி எச்சரிச்சார். மார்ச்ல பிளேக். ஆரம்பிச்சது லொகேஷன்லகூட இல்ல, பக்கத்துல ஒரு தங்கச் சுரங்கத்துல, அங்க வேலையா இருந்த 23 இந்தியங்க நோயோட லொகேஷனுக்குத் திரும்பி வந்தாங்க. மதன்ஜித்ங்கிறவர் காலியா இருந்த ஒரு வீட்டுப் பூட்டை உடைச்சு எல்லாரையும் உள்ள படுக்க வச்சார், காந்தி சைக்கிள்ல வந்து சேந்தார், டாக்டர் வில்லியம் காட்ஃப்ரேயும் வந்தார். நகராட்சி ஒரு கிட்டங்கியும் ஒரு நர்சும் குடுத்துச்சு. 23ல 21 பேர் செத்தாங்க, அந்த நர்சும் செத்தாங்க. பொழைச்ச ரெண்டு பேருக்கு காந்தி ஈரமண் கட்டுப் போட்டதப் பெருசா சொல்லுவாங்க, நான் அதுக்குள்ள போகல.

எனக்கு முக்கியமாப் படுறது அதுக்கப்புறம் நடந்தது. லொகேஷனைச் சுத்திக் காவல், பாஸ் இல்லாம யாரும் உள்ளயும் வெளியவும் போக முடியாது. எல்லாரையும் காலி பண்ணி 13 மைல் தள்ளி கிளிப்ஸ்பிரூட்ல கூடாரத்துல வைக்கப் போறாங்க, அப்புறம் இடத்தைக் கொளுத்தப் போறாங்க. ஜனங்க நகரல. ஏன்னா காசு தரைக்குள்ள இருக்கு. பேங்க்ல கணக்கு இல்லாத ஜனம், சேத்த செம்புக் காசு வெள்ளிக் காசெல்லாம் வீட்டுக்குள்ள குழி தோண்டிப் புதைச்சு வச்சிருந்தாங்க, கொளுத்துற வீட்டுக்கடில அதை விட்டுட்டு யாரு போவா? தோண்டி எடுத்து காந்திகிட்ட குடுத்தாங்க. பேங்க்காரங்களுக்கு பிளேக் காசைத் தொடவே பயம், கிருமிநாசினில கழுவித்தான் அனுப்ப வேண்டியிருந்துச்சு. கிட்டத்தட்ட அறுபதாயிரம் பவுன் தன் கை வழியாப் போச்சுன்னு அவரே எழுதியிருக்கார். அந்தக் காசுப் பிரச்சினைய எந்த அதிகாரி யோசிச்சிருப்பார்? சுகாதாரப் புத்தகத்துல அப்படி ஒரு அத்தியாயமே இருக்காது.

ஆனா இங்க ஒரு கசப்பும் இருக்கு. தான் ஒத்துழைக்கலன்னா நகராட்சி ஆயுதத்தோட ஆள் இறக்கியிருக்கும், அது இல்லாம முடிஞ்சுதுன்னும் அவர் எழுதியிருக்கார். நெசம்தான். ஆனா ஜனங்க நம்பின ஆள் கூட நின்னதாலதான் லொகேஷன் சத்தமில்லாம காலியாச்சு, ஏப்ரல்ல எரிஞ்சுச்சு, அந்த இடம் நியூடவுன்ங்கிற பகுதியாச்சு, பழைய ஆளுங்களுக்கு அங்க இடம் இல்ல. கிளிப்ஸ்பிரூட்டுக்கு அனுப்பின கருப்பின மக்கள் அங்கயே விடப்பட்டாங்க, சோவெட்டோங்கிற பெரிய டவுன்ஷிப்போட தொடக்கம் அதான். மார்க்கெட்லயும் செத்த எலி கெடந்துச்சு, அங்க மரச்சாமானைத்தான் கொளுத்தினாங்க, மார்க்கெட்காரங்கள யாரும் ஊரை விட்டுத் தூக்கல. அதனால சமூகத் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசினோம்னு அரசாங்கம் சொல்றப்ப நான் மொதல்ல கேக்குற கேள்வி, எதுக்குக் கூப்பிட்டீங்க, முடிவு எடுக்கவா, எடுத்த முடிவ விக்கவா?

நோய்க்கு ஊர்ப் பேர் வைக்கிறதும் இந்தக் கதைதான். 2020 டிசம்பர்ல கண்டுபிடிச்ச கோவிட் வைரஸோட புது வகைய உலகமே தென்னாப்பிரிக்க வேரியன்ட்னுச்சு, 2021ல வந்தத இந்திய வேரியன்ட்னுச்சு. எங்களுக்கு ரெண்டும் சொந்தம். மே மாசம் இந்தியாலேருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்த ஒரு சரக்குக் கப்பல்ல 14 மாலுமிங்களுக்கு பாசிட்டிவ்னு செய்தி வந்தப்ப, இந்தியக் கப்பலைப் பாத்துப் பயப்படுறதெல்லாம் 1860ல நம்ம முன்னோரைத் தோட்ட வேலைக்குக் கொண்டு வந்த கப்பலோட இந்த ஊர்க்காரங்களுக்கு முடிஞ்சுதுன்னு நினைச்சேன்னு எங்க அத்தை சொல்லிச் சிரிச்சாங்க, ஆனா அந்த வாரம் கடைல எங்களைப் பாத்து ரெண்டு பேர் தள்ளி நின்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மே 31ஆம் தேதி ஆல்ஃபா பீட்டா டெல்டான்னு கிரேக்க எழுத்து வச்சாங்க, சரியான வேலை, ஆறு மாசம் லேட்டு.

மொழி பத்தியும் கேப்பீங்க. இங்க தமிழங்கள்ல பெரும்பாலானவங்க வீட்ல பேசுறது இங்கிலீஷ்தான், தமிழ் கோயில்லயும் சாவுலயும் சமையக்கட்டுலயும் மிச்சம் இருக்கு. அரசியல் சட்டத்துல ஆட்சிமொழிப் பட்டியல்ல தமிழ் இல்ல, வளத்து மதிக்கணும்ங்கிற பட்டியல்ல பேரு இருக்கு. அதனால நோட்டீஸைத் தமிழ்ல அடிச்சுட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறவங்க, யாருக்கு அடிக்கிறாங்கன்னு மொதல்ல பாக்கணும். 1904ல காந்தியோட இந்தியன் ஒப்பீனியன் தமிழ்லயும் வந்துச்சு, அன்னிக்குப் படிக்க ஆள் இருந்துச்சு. கோவிட் ஊசி வந்தப்ப எங்க தெருவுல அதைப் போட்டுக்கலாம்னு நிறைய பேர் முடிவு பண்ணினது கோயில் பூசாரி தன் தோள்பட்டைய போட்டோ எடுத்து குரூப்ல போட்டப்புறம். இங்கிலீஷ்ல ஒரே வரிதான் எழுதியிருந்தார், கஞ்சி ப்ரேயருக்கு எல்லாரும் உயிரோட வாங்கன்னு.

பெரியத்தையோட அஸ்தி மட்டும் பாக்கி இருந்துச்சு. டிசம்பர் 29லேருந்து ஹாட்ஸ்பாட்னு சொன்ன, நோய் அதிகமா இருந்த ஏரியாவுல கடற்கரை, ஆறு, ஏரி எல்லாம் மூடியிருந்தாங்க, டர்பன் ஹாட்ஸ்பாட். கூட்டமா குளிக்க வர்றவங்களத் தடுக்கப் போட்டது, சாம்பல் கரைக்க ரெண்டு பேர் அஞ்சு நிமிஷம் போறது யாருக்கும் தோணல. அஸ்திய வீட்டுக்குள்ள வைக்கக் கூடாது. அதனால பின்னாடி சிரிங்கா மரத்துக் கிளைல மஞ்சத் துணில கட்டித் தொங்கவிட்டாங்க, மழை வந்தா ஒருத்தர் எந்திரிச்சுப் போய் பிளாஸ்டிக் கவர் மாட்டுவாங்க. பதினாறாம் நாள் வந்துச்சு, போச்சு. வீட்லேருந்து ரெண்டு தடவை போன் பண்ணி அனுமதி கேட்டாங்க, ரெண்டு இடத்துல ரெண்டு பதில். பிப்ரவரி 1ஆம் தேதி ராத்திரி டிவில ஜனாதிபதி கடற்கரை திறக்குறோம்னார். அந்த சனிக்கிழமை விடியக்காலைல உம்கேனி ஆறு கடல்ல சேர்ற எடத்துக்குப் போனோம். எங்களுக்கு முன்னாடியே கரைல ஏழெட்டுக் குடும்பம், எல்லார் கைலயும் ஒரு மஞ்சத் துணி மூட்டை.